அருவிக் குறிப்புகளில் வராத நேரம்

நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. "போக வர நான்கரை மணி நேரம். கஷ்டம் மிதம். ஓடையை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறாது" என்று எழுதி, கூடவே ஜி.பி.எஸ். தடக் கோப்பையும் இணைத்திருந்தேன். அதை நம்பிப் போன ஒருவர் ஒரு ராத்திரி முழுக்க மழைக்காட்டுக்குள் பாறை மேல் உட்கார்ந்திருந்தார். அதிலிருந்துதான் இந்தக் கட்டுரை ஆரம்பிக்கிறது.

முதலில் கொஞ்சம் பின்னணி. வேலை விஷயமாக ஐந்து வருஷம் ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் இருந்தேன். நகரத்துக்குத் தெற்கே காரில் சுமார் இரண்டு மணி நேரம் போனால் லாமிங்டன் தேசியப் பூங்கா. குயின்ஸ்லாந்துக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் எல்லையாகக் கிடக்கும் மெக்ஃபர்சன் மலைத்தொடரின் மேல் இருக்கிற மழைக்காடு. 1915இல் தேசியப் பூங்கா ஆனது. யுகம்பே பழங்குடி மக்களுக்கு அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அது 'வுனூங்கூரா'.

நம்மூரில் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைத்தாலே வழக்கு. அங்கே பல இடங்களில் பாதையை விட்டு இறங்கி நடக்கலாம். பொறுப்பு உங்களுடையது, அவ்வளவுதான். அந்தப் பூங்காவில் 500க்கும் மேற்பட்ட அருவிகள் உண்டு என்று சொல்வார்கள். பாதை போட்டிருக்கிற அருவிகள் அதில் கொஞ்சம்தான். மீதிக்கு வரைபடமும் திசைகாட்டியும் முழங்காலும்தான் வழி. அந்த மீதி அருவிகளைத் தேடிப் போகிறவர்கள் என்று ஒரு தனிக் கூட்டமே இருக்கிறது. அவர்கள் எழுதும் பயணக் குறிப்புகள், எடுக்கும் வீடியோக்கள் என்று ஒரு தனி எழுத்து வகையே இருக்கிறது. நானும் அதில் ஒருவனாக இருந்தேன். இங்கே அந்த எழுத்து வகையைத்தான் விமர்சிக்கப் போகிறேன், நடக்கிறவர்களை அல்ல.

ஒரே அச்சில் வார்த்த குறிப்புகள்

இந்தக் குறிப்புகளை ஒரு பத்து வாசித்தால் போதும், பதினொன்றாவதை நீங்களே எழுதிவிடலாம். முதல் வரியில் "அதிகம் பேர் அறியாத" என்று வரும். அடுத்து கார் நிறுத்தும் இடம். பிறகு பாதை முடியும் இடம், ஓடைக்குள் இறங்கும் இடம். நடுவில் அட்டைக்கடி பற்றி ஒரு ஜோக். அப்புறம் மரங்களுக்கு இடையே வெள்ளையாக ஏதோ தெரியும், சத்தம் கேட்கும், அருவி வந்துவிடும். கேமராவை முக்காலியில் வைத்து, ஷட்டரைச் சில விநாடி திறந்து வைத்து, தண்ணீர் பட்டுத்துணி மாதிரி தெரிகிற படம். கடைசி வரி: "வந்த வழியே திரும்பினோம்."

இந்தக் கடைசி வரிதான் எனக்கு உறுத்தல். போகும்போது நடந்ததற்கு முப்பது வரி, திரும்பியதற்கு ஒரு வரி. ஆனால் திரும்பும்போதுதான் கால் ஓய்ந்திருக்கும், வெளிச்சம் குறைந்துகொண்டிருக்கும், காலையில் வழுக்கி இறங்கிய பாறையை இப்போது ஏற வேண்டியிருக்கும். கதையின் ஆபத்தான பாதியை ஒரு வரியில் மூடிவிடுகிறார்கள். ஏமாற்றுவதற்காக இல்லை. அருவியைப் பார்த்ததும் எழுதுகிறவருக்குக் கதை முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, தூரம். எல்லோரும் கிலோமீட்டரில் சொல்கிறார்கள். நல்ல பாதையில் மணிக்கு நான்கு கி.மீ. நடப்பவர், பாதையில்லாத மழைக்காட்டில் ஒரு கி.மீ. போனால் பெரிது. அங்கே 'லாயர் வைன்' என்று ஒரு கொடி உண்டு. வேறொன்றுமில்லை, நம் பிரம்பு இனம்தான். முள் வைத்த நீளமான சாட்டை சட்டையைப் பிடித்தால், நின்று, பின்னால் ஒரு அடி வைத்து, ஒவ்வொரு முள்ளாக விடுவிக்க வேண்டும். ஆளைப் போகவிடாமல் நிறுத்துவதால் பிரம்புக்கு 'கொஞ்சம் பொறு' என்ற அர்த்தத்தில் அந்த நாட்டில் இன்னொரு பெயரும் உண்டு. அதோடு கொட்டும் மரம் வேறு. இலையிலுள்ள நுண்முடிகள் தோலில் ஏறினால் வலி சீக்கிரம் போகாது. இந்தக் காட்டில் "4 கி.மீ." என்ற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஆனால் வாசிக்கிறவர் அந்த எண்ணை வைத்துத்தான் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று முடிவு பண்ணுகிறார்.

மூன்றாவது, தோற்ற கதைகளை யாரும் எழுதுவதில்லை. பாதியில் திரும்பியவர் எதை எழுதுவார்? படம் இல்லையே. அதனால் வாசிப்பதெல்லாம் போய்ச் சேர்ந்தவர்கள் கதையாகவே இருக்கிறது. தேறியவர்களை மட்டும் எண்ணிவிட்டுப் பரீட்சை சுலபம் என்று சொல்வது மாதிரி.

ஓடை ஏன் பொறி ஆகிறது

"ஓடையைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறாது" என்று எழுதினேன் இல்லையா, அந்த வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காட்டில் தொலைந்தால் தண்ணீர் ஓடும் திசையில் நட, ஊர் வரும் என்பது உலகம் முழுக்கச் சொல்லும் அறிவுரை. சமவெளியை ஒட்டிய காட்டில் அது சரியாக இருக்கலாம். லாமிங்டனில் அது ஆளைக் கொல்லும்.

காரணம் மண்ணியல். சுமார் 2.3 கோடி வருஷங்களுக்கு முன்பு அங்கே ஒரு பெரிய எரிமலை இருந்தது. மறுபடி மறுபடி குழம்பு வழிந்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கடுக்காக உறைந்தது. ஓடைகள் அந்த அடுக்குகளை அறுத்துக்கொண்டு இறங்குகின்றன. கெட்டியான அடுக்கின் விளிம்பில் தண்ணீர் செங்குத்தாக விழும். கீழே கொஞ்ச தூரம் சமமாக ஓடும். அடுத்த அடுக்கின் விளிம்பில் மறுபடி விழும். ஆகவே ஒரு ஓடையில் ஒரு அருவி என்று கணக்கு இல்லை. மாடிப்படி மாதிரி வரிசையாக இருக்கும், ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம்.

இதில் பிரச்சினை என்னவென்றால், முதல் படி இரண்டு ஆள் உயரம் என்றால் எப்படியாவது சறுக்கி இறங்கிவிடுவோம். அதைத் திரும்ப ஏற முடியுமா என்பது தனிக் கேள்வி. அடுத்த படி பத்து ஆள் உயரமாக இருந்தால்? கீழேயும் போக முடியாது, மேலேயும் போக முடியாது. இரண்டு பக்கமும் பாசி பிடித்த செங்குத்துச் சுவர். என் தொழில் பாஷையில் சொன்னால், ரோல்பேக் இல்லாத டிப்ளாய்மென்ட். நல்ல டீமில் அப்படி ஒன்றை வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரும் செய்ய விடமாட்டார்கள். நான் அதைப் பொதுவில் ஒரு வரி அறிவுரையாக எழுதி வைத்திருந்தேன்.

1937: நகர்ந்தவர், காத்திருந்தவர்கள்

இதே காட்டைப் பற்றி, இதே மாதிரி பாதையில்லா நடையைப் பற்றி ஒரு புத்தகம் உண்டு. பெர்னார்ட் ஓ'ரைலி எழுதி 1940இல் வந்த 'கிரீன் மவுன்டன்ஸ்'. அங்கே இருந்தபோது இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை சாகசக் கதையாக. இரண்டாவது தடவை, என் குறிப்பால் ஒருவர் மாட்டிக்கொண்ட பிறகு.

சம்பவம் இதுதான். 1937 பிப்ரவரி 19, மோசமான வானிலை. பிரிஸ்பேனிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய ஸ்டின்சன் விமானம் வந்து சேரவில்லை. உள்ளே இரண்டு விமானிகள், ஐந்து பயணிகள். விமானத்தைச் சிட்னிக்குப் பக்கத்தில் பார்த்ததாகச் சிலர் சொன்னதால் தேடலின் பெரும்பகுதி அங்கேயே நடந்தது. உண்மையில் அது மெக்ஃபர்சன் மலைக்காட்டில் விழுந்து எரிந்திருந்தது. நான்கு பேர் அங்கேயே இறந்துவிட்டார்கள். மூன்று பேர் தப்பினார்கள்: கால் முறிந்த ஜான் பிரவுட், ஜோசப் பின்ஸ்டெட், ஜேம்ஸ் வெஸ்ட்ரே என்ற இளம் ஆங்கிலேயர். வெஸ்ட்ரே உதவி தேடிக் கிளம்பினார். மற்ற இருவரும் சிதைவுக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள்.

ஓ'ரைலிக்கு அப்போது 33 வயது. மலை மேல் பண்ணையும் விருந்தினர் விடுதியும் நடத்தி வந்த குடும்பம். விமானம் எல்லையைத் தாண்டவே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. கடைசியாகப் பார்த்தவர்கள் சொன்னதை வைத்து அதன் வழியை வரைபடத்தில் கோடாக இழுத்துப் பார்த்து, பிப்ரவரி 27 சனிக்கிழமை தனியாகக் கிளம்பினார். ராத்திரி காட்டிலேயே. மறுநாள் காலை முகட்டில் மூடுபனி விலகியபோது, சுமார் 8 மைல் தள்ளி, பச்சைக்கு நடுவே கருகின மரம் ஒன்று தெரிந்தது. அதை நோக்கி முட்புதருக்குள் நடந்து, அன்று பிற்பகல் பிரவுடையும் பின்ஸ்டெட்டையும் உயிரோடு கண்டுபிடித்தார். விமானம் விழுந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவர்கள் கிரிக்கெட் டெஸ்ட் ஸ்கோர் கேட்டதாகவும், பிராட்மேன் 165 நாட் அவுட் என்று இவர் சொன்னதாகவும் ஒரு கதை அங்கே பிரசித்தம். மெல்போர்னில் வெள்ளிக்கிழமை ஆட்டம் முடியும்போது பிராட்மேன் அதே 165இல்தான் நின்றிருந்தார். கணக்கு சரியாக வருகிறது.

எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இந்தப் பகுதி. எனக்கு முக்கியமானது அடுத்தது. உதவி கூட்டிவர ஓ'ரைலி கிறிஸ்மஸ் கிரீக் என்ற ஓடை வழியே கீழே இறங்குகிறார். வெஸ்ட்ரே போன வழியும் அதுதான். மிதித்த தடம், உடைந்த கொடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்த மனிதர் என்ன செய்தார் என்று வாசித்துக்கொண்டே போகிறார். சர்வர் விழுந்த பிறகு லாக் கோப்பைக் கீழிருந்து மேலாக வாசிக்கிற வேலை என் தொழிலில் உண்டு. இங்கே லாக் காட்டில் எழுதியிருக்கிறது, அதை எழுதியவர் இறந்துவிட்டார். ஒரு அருவியின் மேல் வெஸ்ட்ரே பிடி தவறி விழுந்திருக்கிறார். அடிபட்ட பிறகும் கொஞ்ச தூரம் நகர்ந்திருக்கிறார். ஓடை ஓரத்தில் ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் அவர் உடல் கிடைத்தது. பக்கத்திலேயே புதைத்தார்கள். இன்றும் அந்தக் கல்லறைக்கு ஒரு நடைபாதை உண்டு.

இவருடைய எழுத்தில் அருவி பரிசு கிடையாது. நடக்கிறவனை நிறுத்துகிற இடம். அங்கே வந்ததும் நின்று, பார்த்து, சுற்றி, சில சமயம் திரும்பி, வேறு முகடு ஏற வேண்டும். நான் வாசித்த, நான் எழுதிய எல்லா அருவிக் குறிப்புகளிலும் இந்த நிற்றல் இல்லை.

வெஸ்ட்ரே செய்தது முட்டாள்தனம், உட்கார்ந்திருந்தவர்கள் புத்திசாலிகள் என்று சுருக்கிவிடவும் கூடாது. ஓ'ரைலி வராமல் இருந்திருந்தால் உட்கார்ந்திருந்த இருவரும் பிழைத்திருக்க மாட்டார்கள். வெஸ்ட்ரேயிடம் வரைபடம் இல்லை. தண்ணீரோடு போ என்ற அறிவுரை மட்டும்தான் இருந்திருக்கும். அதே அறிவுரையை எண்பது வருஷம் கழித்து, வரைபடமும் செயற்கைக்கோளும் இருக்கிற காலத்தில், நான் திரும்ப எழுதியிருக்கிறேன்.

புத்தகத்தின் மேல் என் புகார்

ஓ'ரைலியையும் விமர்சனம் இல்லாமல் விட முடியாது. கதை நாயகனே கதாசிரியர். ஆகவே தனி மனிதனின் துணிச்சலும் உள்ளுணர்வும் முன்னால் நிற்கின்றன. 1987இல் வந்த 'தி ரிடில் ஆஃப் த ஸ்டின்சன்' தொலைக்காட்சிப் படம், ஜாக் தாம்ப்சனைக் கதாநாயகனாக்கி, அதை இன்னும் கெட்டிப்படுத்தியது. பிரெட்டும் வெங்காயமும் கட்டிக்கொண்டு ஒருத்தன் தனியாகக் காட்டுக்குள் போனான், ஜெயித்தான் என்பது மனதில் தங்கிவிடுகிறது.

ஆனால் நடந்ததை அடுக்கிப் பாருங்கள். அவர் அந்தக் காட்டிலேயே வாழ்ந்தவர். விமானத்தைக் கண்டவர்கள் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தார். எந்தத் திசையில் போகிறார் என்று வீட்டில் தெரியும். அடிபட்டவர்களைக் கண்டதும் தானே தூக்கிச் செல்லப் பார்க்கவில்லை. பண்ணைகளுக்கு இறங்கி, மருத்துவரோடும் ஆட்களோடும் ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பினார். பக்கத்து ஊர் விவசாயிகள் காட்டை வெட்டிப் பாதை செய்து, ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். அது கூட்டு வேலை. கதையின் வேகத்தில் அந்தக் கூட்டம் பின்னுக்குப் போய்விடுகிறது. இன்றைய அருவி வீடியோக்காரர்கள் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டது தனி ஆளின் பிம்பத்தை மட்டும்தான். வரைபடத்தில் கோடு இழுத்த அந்தப் பொறுமையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

நின்ற நேரம்

இப்போது என் குறிப்பு. அருவியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, காரணம் கீழே.

என் குறிப்பை வைத்துக்கொண்டு போனவர், தூரத்துப் பழக்கத்தில் ஒரு தமிழர், தன் மச்சானோடு மே மாதத்தில் ஒருநாள் போயிருக்கிறார். நான்கரை மணி நேரம்தானே என்று காலை 11 மணிக்கு இறங்கியிருக்கிறார்கள். மே மாதம் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். காட்டுக்குள் இன்னும் முன்னாடியே இருட்டிவிடும். அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, இரண்டாவது படியில் இருட்டில் ஏற வேண்டாம் என்று முடிவு செய்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல முடிவு. விடிந்ததும் ஏறி வந்தார்கள். குளிர், சிராய்ப்பு, வீட்டில் அழுகை, வேறொன்றும் இல்லை.

இரண்டு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. கோபம் எதுவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி: "அண்ணா, நீங்க நிஜமாவே நாலரை மணி நேரத்துல போயிட்டு வந்தீங்களா?"

ஆமாம் என்று தட்டச்சு செய்துவிட்டு, அனுப்பும் முன் எதற்கும் பார்ப்போம் என்று பழைய தடக் கோப்பைத் திறந்தேன். முதல் புள்ளி காலை 6:50. கடைசிப் புள்ளி மாலை 4:35. ஒன்பதே முக்கால் மணி நேரம்!

நாலரை எங்கிருந்து வந்தது? செயலி காட்டும் சுருக்கத்திலிருந்து. அது 'நகர்ந்த நேரம்' என்று ஒரு எண்ணைப் பெரிதாகக் காட்டும். வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் ஆள் நிற்கிறார் என்று வைத்துக்கொண்டு கடிகாரத்தை நிறுத்திவிடும். நான் அந்த எண்ணை அப்படியே எடுத்து எழுதிவிட்டேன்.

மீதி ஐந்தேகால் மணி நேரம் என்ன ஆனது என்று ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன். சாப்பிட்டதும் படம் எடுத்ததும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் இருக்கும். பிரம்புப் புதருக்குள் ஊர்ந்ததையெல்லாம் செயலி 'நிற்கிறார்' என்று முடிவு செய்திருக்கிறது. இரண்டாவது படியின் விளிம்பில் மட்டும் ஐம்பது நிமிஷம். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கீழே எங்கே கால் வைப்பது என்று தெரியாமல், நானும் நண்பரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். அன்று ராத்திரி மனைவியிடம் சொன்ன முதல் விஷயமே அதுதான். குறிப்பை வாசித்துவிட்டு அவள் கேட்டாள், "பயந்து உக்காந்திருந்தீங்களே, அது எங்க?" அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன்.

ஆக, பயந்த நேரம், யோசித்த நேரம், முள் எடுத்த நேரம் எதுவும் கணக்கில் இல்லை. செயலி கழித்தது பாதி, நான் கழித்தது மீதி. இந்த எழுத்து வகை முழுக்கவே நகர்ந்த நேரத்தை மட்டும்தான் எழுதுகிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

தடக் கோப்பு இன்னும் மோசம். திரையில் அது ஒரு சுத்தமான கோடு. ஆனால் அடர்ந்த மரக்கூரைக்குக் கீழே, குறுகிய பள்ளத்தில், சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் புள்ளிகள் பல மீட்டர் தள்ளி விழும். செங்குத்துப் பாறைக்குப் பக்கத்தில் பத்து மீட்டர் என்பது மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம். அதோடு, அந்தக் கோட்டில் நாங்கள் தவறிப்போன இடங்களும் சேர்ந்தே இருக்கின்றன. பின்னால் வருகிறவருக்கு எது வழி, எது தவறு என்று தெரியாது.

இன்னொரு பக்கம், அந்தக் கோட்டைப் பிடித்துப் பத்துப் பேர் போனால் பாசி தேய்ந்து பாதை விழுந்துவிடும். ஈரக் காலத்தில் ஓடையை விட்டு வெளியே வந்து நடக்கும் நீலநிற முள் நன்னீர் இறால் அந்த மலைகளில் உண்டு. கிட்டே போனால் கொடுக்கைத் தூக்கிச் சண்டைக்கு நிற்கும். அது நடமாடும் இடத்துக்கு எல்லோரையும் வரவழைத்துவிட்டு "அதிகம் பேர் அறியாத அருவி" என்று தலைப்பு வைத்தால் எப்படி? பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இதுதான். அருவி பார்க்க வேண்டும் என்றால் அதே பூங்காவில் 150 கி.மீ.க்கும் மேல் அருமையான நடைபாதைகள் இருக்கின்றன. எலபானா, மொரான்ஸ், கூமேரா என்று அருவிகளும் இருக்கின்றன. அவற்றில் எதுவும் குறைச்சல் இல்லை.

அந்தக் குறிப்பை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை, திருத்தினேன். பெயரும் தடக் கோப்பும் போய்விட்டன. கிளம்பிய மணி, திரும்பிய மணி, ஒவ்வொரு படியிலும் நின்ற நேரம், எந்த இடத்தில் திரும்பியிருக்க வேண்டும், வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனோம், அவசர அபாய சமிக்ஞைக் கருவி இருந்ததா (இல்லை) என்று எழுதினேன். இப்போது வாசிக்க அவ்வளவு சுவாரஸ்யமாக இல்லை. பட்டுத்துணி படத்துக்குப் பதிலாக, இரண்டாவது படியின் விளிம்பிலிருந்து கீழே பார்த்து நண்பர் எடுத்த கலங்கலான படம் ஒன்றைப் போட்டேன். அதில் அருவியே தெரியாது.

மின்னஞ்சலுக்குப் பதிலும் போட்டேன். "இல்லை தம்பி. ஒன்பதே முக்கால் மணி நேரம். தப்பு என்னுடையது, மன்னிக்கணும்."

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"பரவால்லண்ணா. அப்ப நாங்க ஸ்லோ இல்ல."